குழாய் வழியே உணவு: புரையேறும் பயம் உண்மையில் நீங்குகிறதா?

9 ஜூன் 2024, காலை – வாசகி ஒருவரின் கேள்வி

என் மாமனாருக்கு வயது 71. பக்கவாதத்திற்குப் பிறகு விழுங்க முடியாததால் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். டியூப் இருக்கும்வரை புரையேறாது, பயப்பட வேண்டாம் என்று வார்டில் சொன்னார்கள். அவரை நிமிர்த்தி உட்கார வைப்பது சிரமமாக இருப்பதால் படுத்த நிலையிலேயே கஞ்சி கொடுக்கலாமா? ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, பிற்பகல்

படுத்த நிலையில் கொடுக்கக் கூடாது.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது தஞ்சாவூரில் எங்களுக்கும் ஏறக்குறைய இதே ஆறுதலைத்தான் சொன்னார்கள். அது பாதி உண்மை. வாயில் இட்ட கவளம் வழிதவறி மூச்சுக்குழாய்க்குள் போவதை டியூப் தவிர்க்கிறது. ஆனால் ஒருவருக்கு நாளொன்றில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர், பழுதுபட்ட அதே தொண்டை வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். வயிற்றுக்குப் போன கஞ்சி மேலே எதிர்த்து வருவதையும் டியூப் தடுப்பதில்லை. உணவுக்குழாயின் அடிவாயில் ஒரு குழாய் எந்நேரமும் நுழைந்து நிற்பதால், அந்த வாய் சரியாக மூடாமல் எதிர்ப்பு சற்று எளிதாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். தலையணைகளைத் தலைக்கு அடியில் மட்டும் அடுக்கினால் கழுத்து மடங்குமே தவிர மார்பு உயராது. சாய்வு இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். மருத்துவமனைக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும்வரை நாங்கள் தச்சரிடம் சொல்லிச் செய்த ஒரு சாய்வுப் பலகையை மெத்தைக்கு அடியில் வைத்துச் சமாளித்தோம். உணவு கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், அதே சாய்வில் இருக்கட்டும். உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, பிசியோதெரபி எல்லாவற்றையும் உணவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அளவை உணவியல் நிபுணர் எழுதித் தந்திருக்க வேண்டும். தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பொதுவாக ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி. வரை, இரண்டரை அல்லது மூன்று மணி நேர இடைவெளியில் கொடுப்பார்கள். சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றிவிட்டு, வெளிக்குழலை மட்டும் டியூபில் செருகி, வயிற்றுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பிடித்து, உணவு தானாக இறங்கும்படி விடுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகும். தண்டை வைத்து அழுத்தினால் இரண்டே நிமிடத்தில் முடியும், வாந்தியும் வரும். தொடக்கத்திலும் முடிவிலும் 30 மி.லி. தண்ணீர் விட மறக்காதீர்கள்.

9 ஜூன் 2024, இரவு

அவசரத்தில் விட்டுப்போன முக்கியமான ஒன்று. மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் டியூபில் எந்த அளவு தெரிகிறது என்று பார்த்து, அழியாத மையால் கோடு போட்டு, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு வேளையும் முதல் வேலை அந்தக் கோடு இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். மாறியிருந்தால் எதையும் உள்ளே விடக் கூடாது, தண்ணீரைக்கூட.

11 ஜூன் 2024

கேள்வி கேட்ட அம்மையாரே மீண்டும் எழுதியிருக்கிறார்: “ஐயா, எங்கள் வீட்டுக்கு வரும் நர்ஸ் சிரிஞ்சால் காற்றை ஊதி, வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டால் டியூப் சரியான இடத்தில் இருப்பதாகச் சொல்கிறார். அது போதாதா?”

போதாது. நுரையீரலின் அடிப்பகுதிக்குள் ஊதிய காற்றின் ஒலியும் வயிற்றின் மேல் வைத்த கருவியில் கேட்கக்கூடும் என்பதால் இந்த முறையை நம்ப வேண்டாம் என்று பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு 2005-இலேயே அறிவுறுத்திவிட்டது. நம் ஊரில் இன்றும் அதுதான் பெருவழக்கு. நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு அப்படித்தான் கற்பித்திருப்பார்கள்.

அங்கே பின்பற்றும் முறை, டியூபிலிருந்து சிறிது நீரை உறிஞ்சி எடுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் இட்டுப் பார்ப்பது. 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது வயிற்று அமிலம் என்று கொள்ளலாம். புதிதாகக் குழாய் போட்டவுடன் நீர் வராவிட்டாலோ, தாள் தெளிவாகக் காட்டாவிட்டாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் உணவு தொடங்கக் கூடாது. வெறும் லிட்மஸ் தாள் இதற்கு ஆகாது. எண் காட்டும் தாளாக வேண்டும். அது ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

11 ஜூன் 2024, சற்றுப் பின்

மேலே எழுதியதற்கு ஒரு விலக்கு உண்டு. பக்கவாத நோயாளிகளில் பலருக்குப் பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை தரப்படுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு டியூப் வயிற்றில்தான் இருந்தாலும் தாள் 6 அல்லது 7 காட்டக்கூடும். உணவு கொடுத்து அதிக நேரம் ஆகாதபோதும் எண் ஏறித்தான் இருக்கும். எண் உயர்ந்தவுடன் குழாய் நுரையீரலில் இருக்கிறது என்று முடிவு கட்டி ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கோடு இடம் மாறவில்லை, இருமல் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது என்றால் ஒரு மணி நேரம் பொறுத்து மீண்டும் சோதித்துவிட்டு, அப்போதும் ஐயம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். அதுவரை எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு வேளை உணவு தள்ளிப்போவதால் பெரிய கேடு வந்துவிடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டிருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே கேட்க வேண்டும்.

14 ஜூன் 2024

சமையலறைப் பக்கம் வருவோம். வீடுகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

டியூபில் இறங்க வேண்டும் என்பதற்காகக் கஞ்சியை நீர்க்க வைக்கிறோம். நீர்க்க வைத்த கஞ்சியில் சத்து என்ன இருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்ற பொதுக் கணக்கின்படி நாளொன்றுக்கு 1500 முதல் 1800 கலோரி வேண்டும். டின்னில் வரும் மருத்துவச் சத்துப் பவுடரைச் சொன்ன அளவில் கரைத்தால் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு ஒரு கலோரி கிடைக்கும். துணியில் வடிகட்டிய ராகிக் கஞ்சியில் அதில் பாதிகூட இருக்காது. ஆறு வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தும் தோள்பட்டை எலும்பு துருத்துவதற்குக் காரணம் இதுதான். வயிறு நிறைந்திருக்கிறது, உடம்பு பட்டினி கிடக்கிறது.

இதற்காக முழுவதும் பவுடருக்கு மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். அதன் விலை எல்லாக் குடும்பங்களும் தாங்கக்கூடியதன்று. நாங்கள் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டோம். வீட்டுக் கஞ்சியில் நன்றாக வெந்த பாசிப்பருப்பு, பால், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து மிக்ஸியில் அரைத்து வடிகட்டினால் கலோரியும் புரதமும் ஏறும். பச்சை முட்டை வேண்டாம். உப்பை விட்டுவிடாதீர்கள். நாக்குக்குத்தான் சுவை தெரியாதே என்று பலரும் உப்பில்லாமல் காய்ச்சுகிறார்கள், சில வாரங்களில் சோடியம் குறைந்து நோயாளி மயங்கிய நிலைக்குப் போகிறார், அது மறுபடியும் பக்கவாதமோ என்று வீடே கலங்குகிறது. எவ்வளவு உப்பு என்பதை இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். ராகியும் சத்துமாவும் ஆறும்போது இறுகும் என்பதால், கொடுக்கும் சூட்டில் வைத்துப் பார்த்துத்தான் பதத்தை முடிவு செய்ய வேண்டும். நம் வெயிலில் காய்ச்சிய கஞ்சியை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பல நாள் எதுவும் சாப்பிடாமல் கிடந்தவருக்கு டியூப் போட்ட முதல் நாளிலேயே ஆசையாக முழு அளவும் கொடுத்துவிடக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று மாவுச்சத்து ஏறும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை சரிந்து இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். அதனால்தான் மருத்துவர்கள் சில நாட்களுக்கு மிகக் குறைவாகத் தொடங்கி, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, இரத்தம் சோதித்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். அவர்கள் கஞ்சத்தனம் செய்வதாக எண்ண வேண்டாம்.

15 ஜூன் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், டியூபில் காபி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். சர்க்கரை அளவும் மருத்துவரும் அனுமதித்தால் கொடுக்கலாம். என் மனைவிக்குக் காலை டிகாக்‌ஷன் மணம் மூக்கில் ஏறாவிட்டால் பொழுது விடிந்ததாகவே கணக்கில்லை. டம்ளரை முகத்தருகே பிடித்துவிட்டுத்தான் டியூபில் ஊற்றுவேன். ஏப்பம் வரும்போது சுவை தெரிகிறது என்று சைகையில் சொல்வாள். ஒரு முறை டபராவில் ஆற்றாமல் கொண்டுபோனதற்கு முறைத்தாள்.

உறவினர்கள் ஜாங்கிரி வாங்கி வருவதைத்தான் என்னால் தடுக்க முடியவில்லை. அவை என் சர்க்கரையை ஏற்றியதுதான் மிச்சம்.

18 ஜூன் 2024

மாத்திரைகள். எல்லாவற்றையும் ஒரே உரலில் போட்டு நுணுக்கி, கஞ்சியோடு கலந்து விடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அது கூடாது. ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, இடையிடையே தண்ணீர் விட்டு, உணவோடு கலக்காமல் கொடுக்க வேண்டும்.

சில மாத்திரைகளை நுணுக்கவே கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட இரத்த அழுத்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கி அழுத்தம் தடாலென்று சரியும். குடலில் கரைவதற்காக மேலுறை இடப்பட்ட ஆஸ்பிரின், பான்டோபிரசோல் ஆகியவற்றின் உறையை உடைத்தால் அந்த உறையின் நோக்கமே போய்விடும். உறைத் துணுக்குகள் டியூபையும் அடைக்கும். மருந்துச் சீட்டை மருத்துவரிடம் கொண்டுபோய், இவருக்கு டியூப் இருக்கிறது, கரையக்கூடிய மாற்று வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின் உணவோடு சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது. அதற்கு முன்னும் பின்னும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் உணவை நிறுத்தச் சொல்வார்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தின் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடைத்துக்கொண்ட டியூபுக்குக் கோலா ஊற்றும் யோசனை இணையத்தில் உலவுகிறது. அதன் அமிலம் பால் புரதத்தைத் திரித்து அடைப்பை இறுக்கவும் கூடும். வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, சிறிது நேரம் ஊற வைத்து, பெரிய சிரிஞ்சால் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடுதல் என்பதால் டியூபே கிழியலாம். கம்பி நுழைக்கும் எண்ணமே வேண்டாம்.

21 ஜூன் 2024

முதல் கேள்விக்கே திரும்புகிறேன், ஏனெனில் என் பதிலில் கடைசியில் வந்திருக்க வேண்டியதும் நான் சொல்லாமல் விட்டதும் ஒன்றே: வாய்.

வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்குவது எதற்கு என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். உண்மை நேர்மாறானது. மென்று விழுங்கும்போது வாய் தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. அந்த வேலை நின்றதும் நாக்கில் படிவு தடிக்கிறது, ஈறுகளில் கிருமிகள் பெருகுகின்றன, அந்தக் கிருமிகள் கலந்த உமிழ்நீர்தான் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவருகிறது. இப்படி இறங்கும்போது பலருக்கு இருமலே வராது. தொண்டையின் உணர்ச்சி மங்கியிருப்பதால் உடம்பு எச்சரிப்பதில்லை. குரலில் அல்லது மூச்சில் நீர் கொப்பளிப்பது போன்ற ஒலி, காரணமில்லாத காய்ச்சல், வழக்கத்தை விட வேகமான மூச்சு ஆகியவைதான் அடையாளம்.

ஆகவே காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பல்லையும் நாக்கையும் துலக்க வேண்டும்; இடையில் ஈரத் துணியால் துடைத்து, உதட்டுக்கு வாஸலின் தடவ வேண்டும். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, பிரஷ்ஷைப் பிழிந்த ஈரத்தில் மட்டும் துலக்குங்கள். கிண்ணத்தில் கொப்பளிக்க வைக்க முயல வேண்டாம். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். எந்தப் பவுடர் உயர்ந்தது என்று ஆராயும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைச் செய்யும்படி எங்களிடம் டிஸ்சார்ஜின்போது ஒருவரும் சொல்லவில்லை. பவுடரின் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்கள்.

22 ஜூன் 2024

முதல் நாள் எழுதிய 45 பாகையைப் பற்றி ஒரு மறுயோசனை. நாள் முழுவதும் அந்தச் சாய்விலேயே விட்டால் உடம்பு கீழ்நோக்கிச் சறுக்கி, முதுகெலும்பின் அடியில் தோல் உராய்ந்து படுக்கைப்புண் வரும். முழங்காலுக்கு அடியில் முதலில் ஒரு தலையணை வைத்துவிட்டுப் பிறகு தலைப்பக்கத்தை உயர்த்தினால் சறுக்குவது குறையும். உணவு நேரம் தவிர மற்ற வேளைகளில் 30 பாகை போதும். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

27 ஜூன் 2024

“மாமனார் நேற்றிரவு டியூபைப் பிடுங்கிவிட்டார். நர்ஸ் வந்து மாற்றிப் போட்டார். வயிற்றில் நேரடியாகப் போடும் டியூபுக்கு மாறலாமே என்கிறார்கள். வயிற்றில் ஓட்டையா என்று மாமியார் அழுகிறார்.”

பிடுங்குவது பிடிவாதத்தால் அல்ல, அரிப்பினால். பி.வி.சி.யில் செய்த சாதாரண ரைல்ஸ் டியூப் சில நாட்களிலேயே விறைத்துத் தொண்டையை உறுத்தத் தொடங்கும். அதை வடிவமைத்த ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1921-இல் எண்ணியது வயிற்று நீரை எடுத்துச் சோதிப்பதைத்தான். மாதக்கணக்கில் ஒருவர் மூக்கில் அது இருக்கும் என்று அல்ல. பாலியூரிதேன் அல்லது சிலிக்கானில் செய்த மெல்லிய டியூப் நான்கு முதல் ஆறு வாரம் வரை தாங்கும், உறுத்தலும் குறைவு. கையைக் கட்டிப்போடுவதை விட இதை முதலில் கேட்டுப் பாருங்கள். வெளியே வந்த டியூபை வீட்டில் நீங்களே திரும்பத் தள்ள வேண்டாம்.

நான்கு முதல் ஆறு வாரத்திற்கு மேல் தேவைப்படும் என்றால், வயிற்றில் நேரடியாகப் போடும் அந்த பெக் டியூப் பற்றிப் பேசுவது முறையானதுதான். பக்கவாதம் வந்த உடனேயே அவசரப்பட வேண்டாம். பக்கவாத நோயாளிகளுக்கு எப்படி உணவளிப்பது என்று பார்த்து 2005-இல் வெளியான ஃபுட் என்ற ஆய்வில், முதல் சில வாரங்களில் பெக் போட்டவர்களின் நிலை மூக்கு டியூப் போட்டவர்களை விட மேலாக அமையவில்லை. பெக் முறையை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பொன்ஸ்கி என்ற இருவரும் முதன்முதலில் செய்தது ஒரு குழந்தைக்கு. வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, விரல் நுனியளவு வழி ஏற்படுத்துவதே அதன் சிறப்பு. மாமியாரிடம் காது குத்துவதைச் சொல்லிப் பாருங்கள்: நகை கழன்றால் துளை தூர்ந்துபோவது போல, டியூப் வெளியே வந்தால் இந்த வழியும் தானாகவே மூடிக்கொள்ளும்.

அந்தக் குணம்தான் ஆபத்தும். டியூப் கழன்றால் சில மணி நேரத்திலேயே வழி சுருங்கிவிடும் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போட்டு நான்கு வாரம் ஆவதற்குள் கழன்றால் கட்டாயம் மருத்துவமனைதான். வழி உறுதிப்படாத நிலையில் நர்ஸ் குருட்டாம்போக்கில் செருகினால் உணவு வயிற்றுக்கு வெளியே கொட்டக்கூடும். வழி ஆறிய பிறகு, வெளித் தட்டுக்கும் தோலுக்கும் இடையே அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மருத்துவர் சொன்னபடி டியூபைச் சற்று உள்ளே தள்ளிச் சுழற்றி வர வேண்டும். இறுக்கமாக வைத்தால் உள்தட்டு வயிற்றுச் சுவருக்குள் புதைந்துகொள்ளும்.

பெக் போட்டாலும் உமிழ்நீரும் எதிர்த்து வருவதும் அப்படியேதான் இருக்கும். சாய்வும் வாய்ச் சுத்தமும் தொடர வேண்டும்.

3 ஜூலை 2024

வேறொரு வாசகர் தம் தாயாரைப் பற்றி எழுதியிருக்கிறார். முற்றிய மறதி நோய். வாயில் வைத்த உணவை விழுங்க மறந்து வைத்துக்கொண்டே இருக்கிறாராம். டியூப் போடாமல் இருப்பது பட்டினி போடுவதாகாதா என்று கேட்கிறார்.

பக்கவாதத்திற்கு நான் சொன்ன எதையும் இதற்கு அப்படியே பொருத்த வேண்டாம். பக்கவாதத்தில் பலருக்கு விழுங்கும் திறன் வாரங்களில், மாதங்களில் திரும்புகிறது. டியூப் அதுவரைக்குமான துணை. முற்றிய மறதி நோயில் அப்படித் திரும்பும் காலம் இல்லை. டியூப் போடுவதால் ஆயுள் நீள்வதாகவோ நிமோனியா குறைவதாகவோ சான்று இல்லை என்பதால், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் இத்தகையவர்களுக்கு டியூபைப் பரிந்துரைக்காமல், பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே முன்வைத்தது. அவர் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறாரோ அவ்வளவு, விழித்திருக்கும் வேளையில், சிறு கவளமாக. அதை யாரும் பட்டினி போடுவதாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் மருத்துவன் அல்லன், உங்கள் தாயாரைப் பார்த்ததும் இல்லை. வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றில், குடும்பத்தார் எல்லாரும் உடனிருக்கப் பேசி முடிவெடுங்கள். வெளியூரிலிருந்து விருந்தாளியாக வந்து தீர்ப்புச் சொல்லும் உறவினரையும் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போய்விடுவது நல்லது.

10 ஜூலை 2024

மாமனார் உமிழ்நீரைத் தானே விழுங்குவது போல இருக்கிறது, ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாமா என்று முதல் வாசகி கேட்டிருக்கிறார். மகிழ்ச்சியான செய்தி, ஆயினும் கரண்டியை எடுக்காதீர்கள். இருமல் வராததை வைத்து அவர் ஒழுங்காக விழுங்குகிறார் என்று முடிவு செய்ய இயலாது. பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் ஒருவரிடம் காட்டுங்கள். தேவையானால் பேரியம் கலந்த உணவை விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கித் தொண்டையைப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்லும் பதத்தில், அவர்கள் சொல்லும் தலைச்சாய்வில் தொடங்கலாம். வாயால் போதுமான அளவு உண்ணத் தொடங்கி, எடை இறங்காமல் இருப்பதைப் பார்த்த பிறகே டியூபை எடுப்பார்கள்.

11 ஜூலை 2024

அவரைக் காரில் திருச்சிக்கு அழைத்துச் செல்வதாக எழுதியிருந்தீர்கள். உணவு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து உட்கார வையுங்கள். சீட் பெல்ட் டியூபை இழுக்காதபடி டியூபின் முனையைச் சட்டைத் தோளில் பிளாஸ்டரால் ஒட்டிவிடுங்கள். அதே அளவுள்ள புதிய டியூப் ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எந்த மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும் அளவு தேடி அலைய வேண்டியிருக்காது. முனையில் 14 அல்லது 16 என்று அச்சிட்டிருக்கும்.